கிலோ மூன்று புளியங்கொட்டை

ஆயம்மாளின் கைகள் கொட்டாங்கச்சியின் விளிம்பில் மூன்றாவது துளையைப் போட்டுக்கொண்டிருந்தன. துளைகள் சம இடைவெளியில் இல்லாவிட்டால் தராசுத் தட்டு சாயும். சாய்ந்தால் மாணவன் சோணை கண்டுபிடித்துவிடுவான். அவனுக்கு ஒன்பது வயது.

ஆயம்மாள், போடிமெட்டுக்கு மேலே இருந்த ஓர் ஏலக்காய்த் தோட்டத்துப் பள்ளியின் ஒரே ஆசிரியை. மலையடிவாரத்துச் சிலமலையிலிருந்து காய் தரம் பிரிக்க வந்தவர். மலையில் தங்க வேறு ஆசிரியர் யாரும் சம்மதிக்காததால், எட்டாவது படித்திருந்த அவரையே டீச்சராக்கினார்கள். பயிற்சி கிடையாது. காய்களைப் பார்த்த கண்ணால் பிள்ளைகளின் விளையாட்டைப் பார்த்தார். அவர்கள் விளையாடியதெல்லாம் போடியில் கண்ட ஏலக்காய் ஏலம்தான். முதலில் வெறும் கூச்சலாக இருந்தது. புளியங்கொட்டை கொடுத்தார், எண்ணத் தொடங்கினார்கள். விலையைக் கிலோவுக்குச் சொல்லச் சொன்னார், பெருக்கத் தொடங்கினார்கள். இப்போது எடையில் சண்டை. அதற்குத்தான் தராசு.

அது 1979, தை மாதம். பள்ளி ஆய்வாளர் ஜீப்பில் வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எட்டேழு எவ்வளவு?"

பிள்ளைகள் டீச்சர் கையிலிருந்த தராசைப் பார்த்தார்கள்.

"விளையாடவிட்டுக் கேளுங்க சார்" என்றார் ஆயம்மாள், நூல் கோத்தபடியே.

"விளையாட்டுப் பார்க்கவா மலையேறி வந்தேன்? இதுகளுக்குக் கணக்கு வரலைன்னா பள்ளிக்கூடத்தை மூடிட்டு, சாமானையெல்லாம் ஏலம் விடச் சொல்லிருவேன்."

ஏலம் என்று காதில் விழுந்ததும் வகுப்பே எழுந்தது. ஏலம் விடச் சோணை பெட்டிமேல் ஏறினான். கரும்பலகை ஏலத்தில் போயிற்று. மணி போயிற்று.

"அடுத்து நாற்காலி. மேல உள்ள ஆளோட."

"நாற்காலி ஆடுது, வேணாம். ஆள் மட்டும் போதும்" என்ற அன்னக்கொடி, வியாபாரி தோரணையில் வந்து ஆய்வாளரின் கையை எடுத்து முகர்ந்தாள். "பழைய சரக்கு. நிறம் போயிருச்சண்ணே. கிலோ ரெண்டு கொட்டை."

"ரெண்டுதானா?" ஆய்வாளரின் முகம் சுருங்கியது. "பி.ஏ. படிச்சிருக்கேன் பாப்பா."

"படிச்ச சரக்காம்லப்பா. ரெண்டரை" என்றது பின்வரிசை.

"கொட்டையை எவன்டா உடைக்கிறது?" என்றான் சோணை.

"மூணு" என்றாள் அன்னக்கொடி.

"மூணு, ஒருதரம். ரெண்டுதரம்."

ஆய்வாளர் பின்வரிசையை நம்பிக்கையோடு பார்த்தார். யாரும் ஏற்றவில்லை.

"மூணுதரம். எடை எம்புட்டு?"

"அறுபத்து நாலு கிலோ" என்றார் ஆய்வாளர், விட்டுக்கொடுக்காமல்.

"செருப்பு, கண்ணாடியெல்லாம் சாக்கு எடை. ஒரு கிலோ கழிச்சுக்க" என்றாள் அன்னக்கொடி.

"மூணு அறுபத்து மூணு... நூத்தி எண்பத்தொம்பது கொட்டை" என்று பின்வரிசை முழுவதும் சொன்னது.

ஆய்வாளர் விரல்விட்டுச் சரிபார்த்தார். "கணக்கு வருது. பள்ளிக்கூடம் நடக்கட்டும் டீச்சர்" என்று எழுந்தார்.

அன்னக்கொடி வாசலை மறித்தாள். "எங்க போறீக? சரக்கு என்னுது."

"ஜீப்பு நிக்குது பாப்பா."

"நிக்கட்டும். சரக்கு சொன்ன எடையை நம்பி யாராச்சும் கொட்டை குடுப்பாகளா? நிறுத்துக் காட்டுங்க."

ஆய்வாளருக்கும் அது நியாயமாகவே பட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஆயம்மாள் கடைசி முடிச்சைப் போட்டுத் தராசைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கொட்டாங்கச்சிகளும் சமமாக நின்றன.

"வெரசா நிறு. மொதல்ல சாக்கு எடை" என்றார் டீச்சர், சோணையிடம்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். ஆயம்மாள் தராசைச் சோணையின் கையில் கொடுத்தார்.