பச்சோந்திக்கு ஒரு டொசியே

எங்கள் பச்சோந்திக்குக் கால் எலும்பு வளைந்து, கொப்பில் ஏற முடியாமல் விழுகிறது. இன்று பாரிஸ் லா சப்பலில் பஸ் பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

வெளிக்கிடும்போது மனைவி ஒரு தடித்த ஃபைலை நீட்டினாள். பிரெஞ்சில் அதற்குப் பெயர் டொசியே.

"இஞ்சை எங்கை போனாலும் டொசியே கேப்பாங்கள். எல்லாத்திலையும் ரெண்டு போட்டோக் கொப்பி வைச்சிருக்கிறன்."

பச்சோந்தி வாங்கிய பற்றுச்சீட்டு, வளர்த்தவர் தந்த சான்றிதழ், முகவரிக்கு அத்தாட்சியாக எங்கள் கரண்ட் பில். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்த நாலு படங்கள். நாலிலும் நாலு நிறம்.

வைத்தியர் ஃபைலைத் திறக்கவேயில்லை. கூண்டு விளக்கு வாங்கி எவ்வளவு காலம் என்றார்.

இரண்டு வருடம், இன்னும் நன்றாக எரிகிறது என்றேன் பெருமையாக.

வெளிச்சம் வரும், ஆனால் எலும்புக்குத் தேவையான கதிர் ஒரு வருடத்துக்குள் தீர்ந்துவிடும், பெட்டியிலேயே போட்டிருக்குமே என்றார்.

என் வதிவிட அட்டை முடிகிற தேதியை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விளக்குக்கும் ஒரு தேதி இருப்பதை இன்றுதான் அறிந்தேன்.

கல்சியமும் புது விளக்குமாகத் திரும்பினேன். பிழைத்துக்கொள்ளுமாம்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப அந்தப் பெட்டியையும் ரெண்டு கொப்பி எடுத்து வையுங்கோ."

எடுத்துவிட்டேன். நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்களாக்கும்?