மேடேறியதும் ஒரு குரல்

கோவில்பட்டியில் காலை எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்து, கழுகுமலைச் சாலையில் ஆறு மைல் வந்து, ஒரு சரளைக்கல் மேட்டில் இறங்கினேன். கட்டணம் நாலணா. என் முழங்காலை நசுக்கிக்கொண்டு வந்த பருத்தி மூட்டைக்கு எவ்வளவோ தெரியாது. இங்கிருந்து வேலாங்கரைக்கு வண்டிப்பாதை இரண்டு மைல். அந்த ஊர்ப் படையை நடத்திய முத்திருளன் சேர்வைக்காரரின் நடுகல்லைப் பார்க்கத்தான் மதராஸிலிருந்து இத்தனை தூரம்.

வண்டிக்காரர் சுப்பையா மேட்டிலிருந்து மாட்டுவண்டியைக் கரிசல் பள்ளத்தில் இறக்கி ஓட்டினார். பள்ளத்தைத் தாண்டி, ஊர் எல்லையில், இடுப்புயரத்துக்கு அந்தக் கல் நின்றது. வாளேந்திய உருவம். மூக்கு தேய்ந்துவிட்டது.

"உழுது பொழைச்ச ஆளுதான். ஊர்க்காவலுக்குன்னு இளவட்டங்களுக்குச் சிலம்பம் பழக்கி வச்சிருந்தாவ" என்றார் சுப்பையா. "வெள்ளைக்காரன் கும்பினிப் படை வந்த அன்னைக்கு நல்ல மழை. பொம்பளை பிள்ளைகளை வண்டியில ஏத்திவிட்டு, ஆம்பளையாளுவளை இறங்கித் தள்ளச் சொன்னாவ. 'மேடேறினதும் குரல் குடுங்க, பெறகு நான் வாரேன்'னுட்டு, கொஞ்சம் பேரோட இங்கன நின்னு மறிச்சிருக்காவ. ஊரே மேடேறிக் கத்துச்சு. வெடிச்சத்தத்துல அவியளுக்குக் கேக்கலை. குரல் வரும், வரும்னு நின்னே விழுந்துட்டாவ. அதான் மழைநாள்ல யாரு மேடேறினாலும் திரும்பி நின்னு குரல் குடுப்போம்."

"செத்தவருக்குக் காது கேட்குமா?" என்றேன். சுப்பையா மாட்டைத் தட்டினார்.

மதியச் சாப்பாடு, மளிகைக்கடை காதர் ராவுத்தர் வீட்டில். கை கழுவும்போதே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே அவர் மகள் பாத்துமுத்துவுக்கு வலி கண்டுவிட்டது, தலைப்பிரசவம். மருத்துவச்சி வெளியே வந்து, "பிள்ளை குறுக்க கெடக்கு. கோவில்பட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க, தாமசிக்காதீங்க" என்றாள். ராவுத்தர் மகளைச் சுப்பையாவின் வண்டியில் ஏற்றினார்; நானும் கூட ஏறிக்கொண்டேன்.

கல்லருகே சுப்பையா வண்டியை நிறுத்தினார். "இறங்குங்க அண்ணாச்சி. இங்கனயிருந்து ஆம்பளையாளு நடக்கணும்."

இந்த மழையிலா என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். ஒரு செருப்பைக் கரிசல் விழுங்கியது. மற்றதை நானே வீசி எறிந்தேன். பாதிப் பள்ளத்தில் சக்கரம் அச்சுவரை புதைந்து, வண்டி நின்றுவிட்டது. உள்ளே அந்தப் பெண் "வாப்பா, வாப்பா" என்று அரற்றினாள். ராவுத்தர் சக்கரத்துக்கு நெஞ்சைக் கொடுத்து நெம்பினார். நானும் தோள் கொடுத்தேன். நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் அது அங்கேயே கிடந்திருக்கும்.

ஒருவழியாகச் சக்கரத்தடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. அப்பாடா! அதைவிட இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

"குரல் குடுங்க மொதலாளி" என்றார் சுப்பையா. ராவுத்தர் வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. நான் திரும்பி நின்று, பள்ளத்துக்கு அப்பால் மழையில் தெரியாத அந்தக் கல்லைப் பார்த்து, "மேடேறியாச்சு" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் விளக்கு வைத்த பிறகு நர்ஸ் வந்து, "பொம்பளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சொகமா இருக்காவ" என்றாள். ராவுத்தர் கடலைமிட்டாய் வாங்கிவந்து ஆஸ்பத்திரி வாசல் கூட்டுகிறவர்வரை கொடுத்தார். சுப்பையா மாட்டைப் பூட்டிக்கொண்டு, "போற வழியில அவியகிட்டயும் சொல்லிருதேன்" என்றார். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் புதுச் செருப்போடு ரயிலேறினேன். எழும்பூரிலிருந்து ஜட்காவில் வீடு சேர்ந்ததும், வாசலில் நின்று, "வந்துட்டேன்" என்று உரக்கக் குரல் கொடுத்தேன். வழக்கமில்லாத வழக்கம். அடுக்களையிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடிவந்து, "என்ன, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டாள்.