கண்டென்சரும் பால் டின்னும்

என் தங்கை மலாக்கா வானொலியில் பாடப்போகிறாள் என்று சின்னம்மா சொல்லி அனுப்பியபோது, எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு ரேடியோ. அது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வீட்டில் இருந்தது. தங்கை மலாக்காவில் சின்னம்மாவோடு தங்கிப் படித்தாள். மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில், என் வீட்டில், அம்மா இடுப்பொடிந்து படுத்துக் கிடந்தாள். அவசர காலம், லயத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு. சின்னவள் குரலைக் கேட்டு எத்தனை மாதமாச்சு என்று அம்மா புலம்பாத நாளில்லை. அதனால் கிராணியார் மனைவியிடம் போய்க் கேட்டேன்.

"அம்மாவத் தூக்கிட்டு வந்து சன்னலுக்கு வெளிய படுக்க வைங்க. கேக்கட்டும்" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. ரேடியோவை நானே செய்துவிடுவது என்று வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

நான் தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பள்ளி அலமாரியில் கிடந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், பேட்டரிகூட இல்லாமல் பாடும் கிரிஸ்டல் ரேடியோவின் படம் இருந்தது. ஒரு கம்பிச் சுருள், ஒரு கிரிஸ்டல், காதில் மாட்டும் ஹெட்போன், ஒரு கண்டென்சர், கூரைமேல் கட்டவும் மண்ணில் புதைக்கவும் கொஞ்சம் கம்பி, அவ்வளவுதான். கண்டென்சர் என்பது மின்சாரத்தை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் சின்னப் பாத்திரம் என்று அகராதியோடு மல்லுக்கட்டிப் புரிந்துகொண்டேன். சுருளுக்கு ஏற்ற அளவில் அது அமைந்தால்தான் நிலையம் கிடைக்கும்.

என் வீட்டுக்காரர் பால்மரத் தோட்டத்து லோரி டிரைவர். எரிந்துபோன டைனமோவிலிருந்து கம்பி உருவித் தந்தார், மூங்கிலில் சுற்றினேன். ஹெட்போனும் கிரிஸ்டலும் மலாக்காவில் பழைய சாமான் கடையில் கிடைக்கும் என்றார். லோரி கிளம்பும்போது, "கண்டென்சர மறந்துடாதீங்க" என்று கத்தினேன்.

மறக்கவில்லை மனிதர். ஹெட்போன், கிரிஸ்டலோடு ஒரு பால் டின்னும் வாங்கியிருக்கிறார். எங்கள் பக்கம் டின் பாலுக்குக் 'கண்டென்ஸ்' என்றுதான் பெயர். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாது என்று டின்னைக் கடையிலேயே ஓட்டை போட்டுக் கொடுப்பது அன்றைய சட்டம். லோரி சீட்டெல்லாம் பால். தோட்டத்துக் கேட்டில் காவல் நின்ற மாத்தா, அதாவது போலீஸ்காரர், அனுமதிச் சீட்டு இல்லாமல் உணவுப் பொருளா என்று டின்னைப் பிடுங்கிக்கொண்டு அரை மணி நேரம் திட்டியிருக்கிறார். அந்த மும்முரத்தில் ஹெட்போனை அவர் பார்க்கவே இல்லை.

"நீதானலா கண்டென்ஸ் கேட்ட?" என்றார் வீட்டுக்காரர், எறும்பைத் தட்டிக்கொண்டே. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சனிக்கிழமை நானே மலாக்காவுக்குப் பஸ் ஏறினேன்.

ரேடியோ ரிப்பேர்க் கடைச் சீனர், கட்டைவிரல் பருமனில் ஒன்றை எடுத்து வைத்தார். பெரியது, நல்லது என்றார் மலாயில். பெரிய பாத்திரம் எனக்கு வேண்டாம் என்றேன். திருகினால் அளவு மாறும் கண்டென்சரைக் கேட்டேன், கைவசம் இல்லை. வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். உலகத்து நிலையமெல்லாம் எனக்கு எதற்கு? மலாக்கா ஒன்று போதும். கண்டென்சர் மாறாவிட்டால் போகட்டும், சுருளில் கம்பி தொடும் இடத்தை நான் மாற்றிக்கொள்கிறேன். மைக்கா வைத்த சின்னக் கண்டென்சர்களாகப் பார்த்து, வேறு வேறு அளவில் சிலவற்றைப் பொறுக்கினேன். மேலே எழுதியிருந்த அளவில் புள்ளிக்குப் பிறகு எத்தனை பூஜ்யம் என்று நான் ஒவ்வொன்றாகப் பார்க்க, கடைக்காரர் கொட்டாவி விட்டார்.

கேட்டில் அதே மாத்தா. காட்டுக்காரர்களுக்கு ரேடியோ கடத்துகிறாள் என்று பிடித்து வைத்தால் என்ன செய்வது? அவர் பையைத் திறந்து, இது என்ன என்றார்.

"கண்டென்சர்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "சூசு மானா?" பால் எங்கே என்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"சூசு தா அடாலா" என்றேன். பால் இல்லவே இல்லை. டின் எதுவும் விழாததால், கீழே கிடந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒன்றில் சத்தமே இல்லை. ஒன்றில் மலாய்ப் பேச்சும் இரைச்சலும் கலந்து வந்தது. இரண்டை அக்கம்பக்கமாகச் சேர்த்து மாட்டியதும் மலாக்கா தெளிவாகக் கேட்டது. ஆனால் சுருளைத் தொடும் கம்பியை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் போய்விடும்.

தங்கை பாடவிருந்த ஞாயிறு மாலை ஹெட்போனை அம்மா காதில் மாட்டினேன். ஒரு பக்கத்தை எனக்குக் கொடு என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். தங்கை பாடத் தொடங்கியதை அம்மா முகத்தில்தான் பார்த்தேன். இரண்டு கையாலும் இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிடுங்கலாம், பிடுங்கினால் விரல் நகரும், பாட்டு அறுந்துவிடும். அசையாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் பாடிய ஒரு வரிகூட நான் கேட்கவில்லை.

அம்மா வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

"சின்னவளுக்குச் சளி புடிச்சிருக்குடி" என்றாள். "நாளைக்கே பஸ் ஏறிப் போயி என்னான்னு பாரு."