பதினோரு முனை நட்சத்திரம்

காலை மணி ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டவை இரண்டு கால்கள். அவற்றுக்கு மேலே, இடுப்பும் தலையும் தெரியாதபடி, பழைய சாரோங் துணியால் போர்த்திய அகலமான பொருள் ஒன்று எங்கள் வேலிக்கதவைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. வாசலில் மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் தாயார் மாவுக் கையோடு நிமிர்ந்து, "கோலம்! கோலம்! ஆத்தி, ஆனை மாதிரி வராரே!" என்று கத்தினார். கால்கள் நின்றன. கோலத்தைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து, தூண் ஓரமாக வந்து சேர்ந்தன.

1957-இல் நாடு சுதந்திரம் அடைந்து நான்கு மாதம் முடியாத கிறிஸ்மஸ் காலை அது. நாங்கள் மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் குடியிருந்தோம். வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர், மலாக்காச் செட்டி சமூகத்தவர். சாமி நம் சாமி, வீட்டுப் பேச்சு மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது கோயிலில் கேட்ட சில சொற்கள்தான். துறைமுகத்தில் வேலை. மாலையில் மூங்கிலைச் சீவிப் பட்டம் கட்டுவார். அவர் கட்டிய பட்டம் கிறுக்கடித்து விழுந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"சுடா சியாப்!" என்றார், முடிந்துவிட்டது என்று. சாரோங்கை உருவினார்.

உள்ளே இருந்தது நாங்கள் கேட்ட கிறிஸ்மஸ் நட்சத்திரம். மஞ்சள் தாள். ஓரத்தில் வெள்ளிச் சரிகைத்தாள். ஒட்டிய இடம் தெரியவில்லை. சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்த என் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு அவள் உதடுகள் அசையத் தொடங்கின. எண்ணுகிறாள் என்று புரிந்து நானும் எண்ணினேன்.

பதினோரு முனைகள்.

இது ஏன் பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். என் மனைவி கத்தோலிக்கப் பெண். அவள் தகப்பனார் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் தோட்டத்துக் கோயிலில் செபம் நடத்துபவர். நானோ எந்தக் கோயிலுக்கும் போகாதவன். போகாததற்கான காரணங்களைப் பத்திரிகையில் பெயர் போட்டு எழுதவும் செய்தவன். எங்கள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டரை வருடங்களாக அவர் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. மகளைச் சந்தைக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார், தோட்டத்துக் கீரை கொடுப்பார், பஸ் ஏறிவிடுவார். என்னைப் பற்றிப் பேச நேர்ந்தால் "அந்தப் பத்திரிகைக்காரரு" என்பார்.

அந்த டிசம்பர் தொடக்கத்தில் அவரிடமிருந்து ஒரு தகவல் வந்தது. கிறிஸ்மஸ் அன்று காலை தோட்டத்துக் கோயில் செபம் முடிந்ததும் முதல் பஸ்ஸில் வருகிறேன். வாசலில் நட்சத்திரம் தொங்கினால் உள்ளே வருவேன். தொங்காவிட்டால் அப்படியே திரும்பி விடுவேன்.

நட்சத்திர விஷயத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். முனை ஐந்து. ஆண்டவரின் திருக்காயங்கள் ஐந்து. ஒரு வருடம் தொழிலாளர் லயத்து வீடொன்றில் யாரோ ஆறு முனையில் கட்டித் தொங்கவிட, "இது நட்சத்திரமில்ல, நண்டு" என்று சொல்லி இறக்க வைத்திருக்கிறார்.

தவறு என்னுடையது. அண்டை வீட்டாரிடம் பெரிய நட்சத்திரம் ஒன்று வேண்டும் என்று சொன்னேன். எத்தனை முனை என்று சொல்லவில்லை. ஒரு செய்தியில் ஊர்ப்பெயரை விட்டுவிட்டு அனுப்பினால் என் பத்திரிகை ஆசிரியர் என்ன சொல்வாரோ, அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அண்டை வீட்டார் மேல் பிழையில்லை. ஆகஸ்டில் சுதந்திர விழாவுக்காக நகரத்து வளைவுகளுக்கெல்லாம் மூங்கில் நட்சத்திரம் கட்டியவர்களில் அவரும் ஒருவர். புதுக் கொடியில் இருப்பதுபோல், மாநிலத்துக்கு ஒரு முனையாகப் பதினொன்று. வேகமாகக் கட்டுவதற்காக ஒரு வட்டப் பலகையில் வளையமாக ஆணி அடித்து வைத்திருந்தார். சீவிய மூங்கிலை ஆணிக்கு ஆணி வளைத்துக்கொண்டு போனால் நட்சத்திரம் தானாக வந்துவிடும். எண்ண வேண்டியதில்லை. அந்தப் பலகையைத்தான் மூன்று மாலைகளாக எங்களுக்காகவும் எடுத்திருந்தார். அந்த வருடம் எங்கள் ஊரில் யாரிடம் நட்சத்திரம் கேட்டிருந்தாலும் அநேகமாக அதுதான் கிடைத்திருக்கும்.

"ஆறு முனைய வெட்டிட்டா?" என்று என் தாயார் கேட்டார்.

நான் மலாயில் கேட்டேன். அண்டை வீட்டார் சிரித்தபடி தலையாட்டினார். எல்லாம் ஒரே ஓட்டம். ஒன்றை வெட்டினால் மொத்தமும் அவிழ்ந்துவிடும்.

"அப்ப இறக்கி வெச்சிருவோம்" என்றேன்.

"இறக்கி வெச்சா அப்பா வேலியோட திரும்பிருவாரு" என்றாள் மனைவி.

"மாட்டினா, நான் வேணும்னே கிண்டல் பண்றேன்னு நினைப்பார். சாமி நட்சத்திரம் கேட்டா சர்க்கார் நட்சத்திரம் மாட்டியிருக்கான்னு."

"நினைப்பாருதான். நீங்க எழுதறதும் அப்படித்தானே இருக்கு."

அவள் நள்ளிரவுப் பூசைக்குப் போய்வந்து, கண் மூடாமல் சமையல்கட்டில் நின்றவள். பின்கட்டில் தனி அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. மார்கழியில் கவிச்சி தொடாத என் தாயார் அதற்குப் புதுச்சட்டி வாங்கச் சொல்லி, முன் அடுப்புக்கும் பின் அடுப்புக்கும் நடுவே ஒரு பலகையைக் குறுக்கே வைத்து எல்லை போட்டிருந்தார். இவ்வளவும் ஒருவர் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக.

மனைவி நட்சத்திரத்தையும், அதைச் செய்தவர் முகத்தையும் பார்த்தாள். அவர் இன்னும் பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"மாட்டுங்க" என்றாள். "மூணு நாளு உக்காந்து செஞ்சிருக்காரு. அவரு மூஞ்சில அடிக்க முடியாதுலா. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

மணி ஏழு ஐந்துக்கு நட்சத்திரம் வாசல் உத்தரத்தில் ஏறியது.

அந்த வாரம் என் சட்டைப்பையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. சுதந்திர நாட்டின் முதல் கிறிஸ்மஸ் ஊராருக்கு என்னவாக இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியர். உஜோங் பாசிரில் ஒரு போர்த்துகீசிய வம்சத்து மீனவர், "வலை காய்கிற நாள், அன்று மட்டும் கடல் என்னைக் கூப்பிடாது" என்றார். நகரத்துச் செட்டியார் ஒருவர் கொஞ்சம் யோசித்து, "வங்கி மூடியிருக்கும். எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பேன்" என்றார். என்னைப்போல் நம்பாத நண்பர் ஒருவர், பஸ் கண்டக்டர், "வெள்ளைக்காரன் மூட்டை கட்டிட்டான். அவன் பண்டிகைய மட்டும் ஏன்யா விட்டுட்டுப் போனான்?" என்று என்னையே கேட்டார். அண்டை வீட்டார் சொன்னது சின்ன பதில்: உஜோங் பாசிர் நண்பர் வீட்டிலிருந்து கேக்கோடு தட்டு வரும், பொங்கலுக்கு அதே தட்டு திரும்பிப் போகும், அதுதான். என் மனைவியிடம் கேட்டபோது, "அன்னிக்கு மத்தியானம் கேளுங்க, சொல்றேன்" என்று கீரை ஆயப் போய்விட்டாள்.

மாமனாரைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பது இருபதுக்கு அவர் தெருமுனையில் தெரிந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, கையில் வாழையிலையில் கட்டிய பொட்டலம். வேகமாக நடந்து வந்தவர் வேலிக்கு இருபதடி தூரத்தில் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டார். நடை குறைந்தது. வேலிக்கதவருகில் நின்றார். குடையைத் தூக்கி, அதன் நுனியால் காற்றில் ஒவ்வொரு முனையாகத் தொட்டு எண்ணினார். முடித்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு முறை எண்ணினார்.

"அப்பா" என்றாள் மனைவி.

"இரும்மா." அவர் என்னைப் பார்க்கவில்லை. "யாரு செஞ்சது?"

அண்டை வீட்டார் இதற்காகவே காத்திருந்தவர்போல் தம் வேலிக்கு மேலாக எட்டிப்பார்த்து மார்பைத் தட்டினார்.

தோட்டத்தில் பழகிய மலாயில் மாமனார் கேட்டார்: "கெனாப்பா செபெலாஸ்?" ஏன் பதினொன்று?

அண்டை வீட்டாருக்கு அது பாராட்டாகவே பட்டது. வேலியைச் சுற்றி ஓடிவந்து, நட்சத்திரத்தின் கீழே நின்று, முனைகளைக் காட்டி மாநிலங்களை ஒப்பித்தார். கீழ்ப்பக்கத்து முனை ஒன்றில் மட்டும் ஒரு சிவப்புத் துண்டு ஒட்டியிருந்தது. அதை நாங்கள் கவனித்திருக்கவில்லை. அதைத் தொட்டு, "இத்து மலாக்கா!" என்றார். அது நம் ஊர்.

மாமனார் சிவப்புத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படியிறங்கி அவரிடம் போனேன். இரண்டரை வருடத்தில் நான் அவரிடம் நேராகப் பேசியது அப்போதுதான்.

"தப்பு என்னோடது. அஞ்சுன்னு சொல்லாம விட்டுட்டேன். அவருக்குத் தெரியாது. கேலிக்காகச் செஞ்சது இல்ல."

"கேலின்னு நான் சொல்லலியே" என்றார்.

தெருவில் ஒரு மாட்டுவண்டி போனது. என் மனைவி படியில் நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த கரண்டியிலிருந்து குழம்பு கோலத்தின் மேல் சொட்டியது. கோலத்தைக் காப்பதில் அவ்வளவு கண்டிப்பான என் தாயார் அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமனார் குடையைக் கக்கத்தில் இடுக்கினார்.

"பதினோரு பேர்தான்" என்றார், பாதி தமக்குள்ளேயே. "உயிர்த்தெழுந்தப்புறம் மலைமேல ஆண்டவரப் பாக்கப் போனவங்க. பன்னிரண்டு சீடருங்கள்ல காட்டிக்கொடுத்தவன் போயிட்டான். மிச்சம் பதினொண்ணு." இப்போது முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். "அந்தப் பதினொண்ணுல ஒருத்தரு, காயத்துல விரல வெச்சுப் பாத்தாத்தான் நம்புவேன்னு அடம் புடிச்சவரு. அவரையும் யாரும் வெளிய தள்ளல. தெரியுமா, மாப்பிள்ள?"

செருப்பைக் கழற்றினார். கோலத்தைச் சுற்றிக்கொண்டு, அண்டை வீட்டார் காலையில் நடந்த அதே வழியில், படியேறினார்.

என் மனைவி உள்ளே ஓடினாள். சமையல்கட்டில் ஒரு தட்டு விழுந்தது. அதை எடுக்காமலே அவள் சத்தமாகச் சிரிப்பது கேட்டது. அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அண்டை வீட்டாருக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. ஆனாலும் கை தட்டினார்.

என் தாயார் வாசற்படியில் மரியாதையாக நின்று, "வாங்க சம்பந்தி. முன்னால மார்கழி, பின்னால கோழி. எந்தப் பக்கம் உக்கார்றீங்க?" என்று கேட்டார்.

"நடுவுல" என்றார் மாமனார். "ரெண்டும் வரட்டும்."

எல்லைப் பலகையை அவர்தான் தூக்கி ஓரமாக வைத்தார். என் தாயார் சாம்பார் ஊற்றினார். கோழி வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இன்னும் ரெண்டு துண்டு வைம்மா, வெக்கப்படறாரு" என்றார். வாழையிலைப் பொட்டலத்தில் தோட்டத்துப் பெண்கள் செய்த அதிரசம் இருந்தது. அண்டை வீட்டாரையும் இழுத்து உட்கார வைத்தோம். அவர் அதிரசத்தைக் கடித்து, அதை எதில் செய்வது என்று மலாயில் விசாரித்தார். உபதேசியார் மாவும் வெல்லமும் பிசைவதைக் கையால் செய்து காட்டினார். மாமனார் மூன்று முறை சோறு வாங்கினார். நான் எண்ணினேன், அந்தக் காலை எல்லோருக்கும் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது.

கை கழுவி வந்தவரிடம் துணிந்து குறிப்புப் புத்தகத்தைக் காட்டி, கிறிஸ்மஸ் அவருக்கு என்ன என்று கேட்டேன்.

"ஆண்டவர் பொறந்த நாளு. இதுல கேக்க என்ன இருக்கு?" என்றார். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நீங்க என்ன எழுதப் போறீங்க, உங்களுக்கு?" என்றார்.

நான் நம்பவில்லை என்பதை மறைக்கவில்லை. "ஒரு வீட்டுக்கு வர வேண்டியவர் வந்து சேர்ற நாள்னு எழுதுவேன்" என்றேன்.

அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "அதுவும் அதேதான்" என்றார். அந்த இரண்டு சொற்களும் மறுநாள் பத்திரிகையில் வந்தன. அவர் கேட்டுக்கொண்டபடி, யார் சொன்னது என்று போடவில்லை.

மனைவியிடம் மத்தியானம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் கூடத்துப் பாயில், தகப்பனார் பேசிக்கொண்டிருக்கும்போதே, தூங்கிப்போயிருந்தாள்.

மறுவருடம் டிசம்பர் பிறந்ததும் மாமனாரே தோட்டத்திலிருந்து மூங்கில் வெட்டி அனுப்பினார். அண்டை வீட்டார் பழைய பலகையை எடுத்தார். முனை பற்றி யாரும் பேசவில்லை. சிவப்புத் துண்டு மறுபடியும் அதே இடத்தில் இருந்தது. தோட்டத்துக் கோயிலில் ஐந்து முனை, மகள் வீட்டில் பதினொன்று என்று மாமனார் தம் பாட்டுக்கு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் வேலிக்கதவருகில் நின்று குடை நுனியால் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

1963-இல் மலேசியா உருவானபோது கொடியின் நட்சத்திரத்துக்குப் பதினான்கு முனைகள் ஆயின. அண்டை வீட்டார் ஊர் வேலைக்காகப் புதுப் பலகை ஒன்று செய்துகொண்டார். பழைய பலகை எங்கள் வீட்டில் இருக்கிறது.