பத்தாம் இடத்துக்காரர்

முதலில் நான் கவனித்தது ஒரு பச்சைப் புள்ளி இல்லாததைத்தான். புதன்கிழமை மாலை பயிற்சி டிராஃப்டில் எல்லாப் பெயர்களுக்குப் பக்கத்திலும் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் புள்ளி எரிந்தது; குமரேசன் அங்கிளின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை. எப்போதும் முதல் ஆளாக வந்துவிடுபவர். சற்று நேரத்தில் லீக்கை நடத்தும் ரவி அண்ணா குழுவில் எழுதினார்: மாரடைப்பு, அங்கிள் இறந்துவிட்டார்.

அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் ஊர்த் தமிழர்கள் பத்துப் பேர் ஆடும் ஃபேன்டஸி பேஸ்பால் லீக் எங்களுடையது. நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்போம்; அதுதான் டிராஃப்ட். அவர்கள் அடிக்கும் ரன்கள் எங்களுக்குப் பாயின்ட். ஒன்றாம் இடத்துக்காரர் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். பத்தாம் இடத்துக்காரர் கடைசிவரை காத்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த சுற்று அவரிடமிருந்தே திரும்புவதால் இரண்டு பேரைச் சேர்த்து எடுப்பார்.

கோயம்புத்தூர்க்காரரான அங்கிள் ஆறு ஆண்டுகளாகப் பத்தையே கேட்டு வாங்கினார். "பத்துல ரெட்டை லாபம்ங்க. உங்களுக்கெல்லாம் அது புரியாது" என்பார்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டபோது பார்ப்பவர்கள் எல்லாம் காரணம் கேட்டார்கள். அவர் கேட்டது வேறு. "ஏங்கண்ணு, பிட்சரை எத்தனாவது ரவுண்டுல எடுப்ப?" நான் சிரித்து மழுப்பினால், "பேசுனா பாயின்ட் கொறஞ்சுருமா?" என்று சீண்டுவார்.

டிராஃப்டில் மட்டும் அவரை நம்பக் கூடாது. போன ஆண்டு ஒரு கேட்சரைக் குறிவைத்திருப்பதாகச் சொன்னார். நான் முந்திக்கொண்டு அவனை எடுத்ததும், "மாட்டுனியா கண்ணு!" என்று சிரித்தார்.

இந்த ஆண்டு குலுக்கலில் எனக்கு ஒன்றாம் இடம் விழுந்தது. திங்கட்கிழமை அவரிடமிருந்து செய்தி: "கண்ணு, இந்த ஒரு வருசம் உன்ற ஒன்ன எனக்குக் குடு. பத்த நீ வெச்சுக்க." இதுவும் வலைதான் என்று நினைத்தேன். பதில் போடவில்லை.

இறுதிச் சடங்கில் அவர் மனைவி மாலதி ஆன்ட்டியிடம் இதைச் சொன்னேன்.

"அந்தப் பத்து யாருக்குமே வேண்டாம்னு மொத வருசம் ஒரே சண்டை. அதுக்குத்தான் லாபம்னு சொல்லி அவரு எடுத்துக்கிட்டாரு. இப்ப நெஞ்சு சரியில்லைன்னதும், 'ஒருக்கா மொதல்ல எடுத்துப் பாத்தறேன்'னாரு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு டீமை எடுத்தறாதீங்க கண்ணு. நான் ஆடறேன்."

அந்தச் செய்தி இன்னும் பதிலில்லாமல் என் போனில் இருக்கிறது. மன்னித்துவிடுங்கள், அங்கிள். போய் வாருங்கள்.

நாளை டிராஃப்ட். எதையும் எழுதியே அனுப்பும் நான், இன்று காலை ரவி அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, என்னோட ஒன்ன குமரேசன் அங்கிள் டீமுக்குப் போட்டுருங்க. பத்துல நான் உக்காந்துக்கறேன்."