இரண்டு விசில்

1991இல் சேரப்பணஞ்சேரிப் பக்கம் போலீசும் ஊராரும் சேர்ந்து பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். மாலையில் பேருந்திலிருந்து இறங்கும் பெண்களை இருட்டில் சிலர் வம்பிழுத்ததுதான் காரணம். குழுவில் பெண் ஒருத்திகூட இல்லை. ஆண்கள் எல்லோருக்கும் விசில் கிடைத்தது. பெண் பத்திரமாக வந்துவிட்டால் இரண்டு விசில் அடிக்க வேண்டும் என்பது இன்ஸ்பெக்டர் உத்தரவு.

எங்கள் நிறுத்தத்துக்கு அப்பா காவல். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்க் கல்லூரியையும் எட்டியவள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. அப்பாவுக்கு விசில் பெருமை.

முதல் நாள் நான் இறங்கப் படியில் கால் வைத்ததுமே அப்பா சந்தோஷமாக இரண்டு விசில் அடித்தார். நடத்துநர்தான் அடிக்கிறார் என்று நினைத்து ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். வண்டி அடுத்து நின்ற ஒரகடத்தில் இறங்கி இருட்டில் தனியாகத் திரும்பி நடந்தேன். மறுநாளும் அதே பாதுகாப்பு.

"பஸ்ஸை விட்டு எறங்கத் தெரியல, உனக்கு இன்னாத்துக்குக் காலேஜு? நாளைக்கும் இப்டி வந்தா காலேஜை வுட்டு நின்னுக்கோ" என்றார் அப்பா.

"ரெண்டு விசில் அடிச்சா பஸ் கெளம்பிடும்பா."

"இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

மூன்றாம் நாள் அப்பா விசில் அடிக்கவில்லை. பேருந்துக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார்.

"யோவ், வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று ஓட்டுநர் கத்தினார்.

"சொல்லிட்டுதான் வந்தேன். காலேஜுப் பொண்ணு எறங்குது, இரு."

நான் அவசரப்படாமல் இறங்கினேன். ஓரமாக வந்து நின்றதும் அப்பா பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை அடித்தார். பேருந்து கிளம்பியது.