ரூபியும் தேன் கிண்ணமும்

மாத்திரை விழுங்குவதற்கு உலகப் போட்டி ஒன்று வைத்தால் தங்கப் பதக்கம் குருசுக்குப்பத்து ரூபிக்குத்தான். வெள்ளிக்கு ஆளே வராது. பயந்து வீட்டிலேயே படுத்துக்கொள்வார்கள். தண்ணீர் வேண்டாம், முகச்சுளிப்பு கிடையாது. கொடியில் துணி எடுக்கிற மாதிரி திரும்பி நிற்பாள். மறுபடி திரும்புவதற்குள் மாத்திரை வயிற்றில் இருக்கும்.

இந்தத் திறமை பிறவியில் வந்ததில்லை. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த மாதம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். கணவன் மார்ட்டினையும் கூப்பிட்டு எடுத்தார்கள், அவனுக்கும் இருந்தது. அவன் ரூபியின் முகத்தைப் பார்க்கவில்லை. கேரளாவில் மீன்பிடி போட்டில் வேலை என்று கிளம்பினான். அப்புறம் அவன் போனும் கடலில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. அம்மா வீடு என்று ஒன்று இல்லாத ரூபி, மாமியார் ஸ்டெல்லாமேரியோடும் நாத்தனார் ஜெர்லினோடும் கிடந்தாள். மாத்திரை எதற்கு என்று கேட்டால் ரத்தம் ஊறுவதற்கு என்பாள்.

பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற சிந்துஜா அவளை உட்கார வைத்துச் சொன்னாள்: "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான். கூட நாங்க குடுத்த சொட்டு மருந்து. தண்ணி, தேனு, சக்கர எதுவும் உள்ள போகக் கூடாது. கலந்து குடுத்தா பிஞ்சுக் குடலு புண்ணாயிடும், நோய் சுளுவா தொத்திக்கும்."

வீட்டுக்கு வந்த மறுநாளே ஸ்டெல்லாமேரி கிண்ணத்தில் தேனையும் சர்க்கரையையும் கரைத்துவிட்டாள். நல்ல மனிதர் ஒருவர் பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டு வைத்தால் அவர் குணம் அப்படியே அதற்கு வந்துவிடுமாம். அந்த நல்ல மனிதர் சூசை பெரியப்பா. குடிக்க மாட்டார், பூசைக்குத் தவற மாட்டார். வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் வேணான்னாங்க அத்த," என்றாள் ரூபி.

"அந்த டாக்டருக்கே எவனாவது சேன வச்சிருப்பான். ஒரு சொட்டு என்னா பண்ணிடும்?"

"அண்ணனுக்கு யாரும்மா வச்சது?" என்று கேட்டாள் ஜெர்லின்.

"உங்கப்பன்தான்."

"அதான் வெளிய போனா வீட்டுக்கு வழி தெரியல."

பெரியப்பாவே சிரித்துவிட்டார். ரூபி சிரிக்கவில்லை. பிள்ளையை மார்போடு அழுத்திக்கொண்டாள். ஏன் கூடாது என்று சொன்னால் தலைக்கு மேல் இருக்கிற கூரை போகும். சொல்லாவிட்டால் பிள்ளை போகும். வாயைத் திறந்தாள். அதற்குள் பெரியப்பா விரலைக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனார்.

ஜெர்லின் விழுந்தாள். சும்மா இல்லை, முழு உடம்போடு கிண்ணத்தின் மேலேயே. தேன் மொத்தமும் வேட்டிக்குப் போனது.

"சனியனே! நல்ல காரியத்துல வந்து உழுறியே!" ஸ்டெல்லாமேரி அவள் முதுகில் நாலு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பெரியப்பா ஈக்கள் பின்தொடர நடந்தார். ஸ்டெல்லாமேரி தேன் வாங்கக் கடைக்குப் போனாள்.

ஜெர்லின் முட்டியை ஊதிக்கொண்டே ரூபியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள்.

"ஞாயித்துக்கெழமயும் விழுவியா?" என்றாள் ரூபி.

"கால் தடுக்கிடுச்சி அண்ணி. அறிவு கெட்ட காலு."

"வேணாம். நானே அத்தகிட்ட சொல்லிடறேன். தொரத்தினா தொரத்தட்டும்."

ரூபி பிள்ளையின் தலையை முகர்ந்தாள். அதற்கு நோய் இருக்கிறதா என்று ஆறு வாரம் கழித்துத்தான் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

"என்னாத்த சொல்லப் போற?" ஜெர்லின் கண்ணை அகல விரித்துக் கேட்டாள்.

"நடிக்காதடி. யாரு எச்சிலும் ஆவாதுன்னு தனி டம்ளர் வச்சிருந்தவ நீ. மழக்காலத்துலேர்ந்து என் டம்ளரத் தேடிப் புடிச்சிக் குடிக்கிற. எப்ப தெரிஞ்சிச்சி உனக்கு?"